வெறும் சுளுக்குதானே என்று விட்ட கால்

கடலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். பெயர், கல்லூரி எதையும் போடவில்லை, ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது:

“எனக்கு 20 வயசு. புதுச்சேரியில் படிக்கிறேன், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து கூடைப்பந்து ஆடுகிறேன், கல்லூரி அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ரீபவுண்டுக்கு (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு) எகிறி இறங்கும்போது எதிரணிப் பெண்ணின் கால்மேல் என் வலது கால் விழுந்து உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்கு என்றார்கள். பாட்டி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், தெரிந்தவர் ஒருவர் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்ததும் ஆடப் போய்விட்டேன். அதற்கப்புறம் ஆறேழு தடவை அதே கால் மடங்கியிருக்கிறது. கடைசித் தடவை ஆட்டத்தில்கூட இல்லை, பஸ் ஸ்டாண்டில் நடைமேடை விளிம்பில். வலி பெரிதாக இல்லை, ஆனால் எப்போது ஏமாற்றும் என்றே தெரியவில்லை. இடக்கை லே-அப் போவதையே விட்டுவிட்டேன். எகிறும் உயரம் குறையவில்லை, அளந்து பார்த்தோம். ஆனாலும் கோச் ‘டிஃபென்ஸில் ஒரு அடி லேட்டாக வர்றே’ என்கிறார், போன மாதம் முதல் ஐந்து பேரிலிருந்து எடுத்துவிட்டார். கால் விஷயம் அவருக்குத் தெரியாது. மேட்சுக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு இன்னும் பத்து வாரம். கணுக்காலை மூடுகிற உயரமான ஷூ 9,000 ரூபாய் சொல்கிறார்கள், வாங்கலாமா? கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற பிரேஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்கிறார்கள் சீனியர்கள், நிஜமா? ஆபரேஷன்தான் வழியா? அம்மா ‘ஆட்டமே வேண்டாம், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது நொண்டிக்கிட்டு நின்னா யார் பதில் சொல்றது’ என்கிறார். என்ன செய்யட்டும் அக்கா?”

அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பார்த்தால் உங்கள் அம்மாவைவிட நான் இரண்டு மூன்று வயசு மூத்தவளாக இருப்பேன். பரவாயில்லை, அக்காவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்டாக இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கபடி, வாலிபால், கூடைப்பந்து என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான், முதல் அடிக்கு வருவதில்லை, ஆறாவது அடிக்கு வருவார்கள். நீங்கள் கேட்டது ஷூ, பிரேஸ், ஆபரேஷன் மூன்றைப் பற்றி. ஆனால் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு வரி: “இடக்கை லே-அப் போவதையே விட்டுவிட்டேன்.” லே-அப் என்றால் ஓடி வந்து ஒற்றைக் காலில் எகிறி, வளையத்துக்குப் பக்கத்தில் பந்தைப் போடுவது. வலது காலை ஊன்றித்தான் இடக்கை லே-அப்புக்கு எகிற வேண்டும். கணுக்காலுக்குத் தோதாக உங்கள் ஆட்டத்தையே நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், அது உங்களுக்கே தெரியவில்லை. கோச் பார்க்கிற அந்த ஒரு அடி தாமதம் அங்கிருந்துதான் வருகிறது.

எலும்பு முறியவில்லை, சரி. அப்புறம்?

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை தங்கச்சி, எலும்பைப் பற்றிக் கேட்டார்கள், எலும்பைப் பற்றிச் சொன்னது. கணுக்காலின் வெளிப்பக்கம் மூன்று லிகமென்ட்கள் இருக்கின்றன, எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டுகிற நார்கள். எகிறி இறங்கும்போது பாதம் விரல் பக்கமாகக் கீழ்நோக்கி நீண்டிருக்கும். அந்த நிலையில் எலும்புக்கு எலும்பு கொடுக்கும் பிடி குறைவு, ஏனென்றால் கணுக்காலுக்குள் உட்கார்ந்திருக்கிற எலும்பு முன்னால் அகலம், பின்னால் குறுகல், பாதம் நீளும்போது குறுகிய பக்கம்தான் பொருத்துக்குள் வருகிறது. அப்போது பாரத்தைத் தாங்குவது முன்பக்கமாக ஓடுகிற லிகமென்ட், முதலில் கிழிவதும் அதுதான். அடுத்தவர் கால்மேல் இறங்குவது கூடைப்பந்தில் இதற்கென்றே அமைந்த விபத்து.

கிழிந்த நார் ஆறும், ஆனால் பல பேருக்குக் கொஞ்சம் தொளதொளவென்று ஆறும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு நுனிகள் அந்த லிகமென்டுக்குள்ளேயே இருக்கின்றன, நார் கிழியும்போது அவையும் சேதமாகின்றன. 1965இலேயே ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய எலும்பு மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தக் கருத்தை முன்வைத்து, ஆடும் பலகையில் நின்று பழகினால் கால் ஏமாற்றுவது குறைகிறது என்று காட்டினார்கள். இன்றைக்கு இந்தக் கோளாறைப் பற்றிய விளக்கங்கள் இன்னும் விரிந்துவிட்டன, ஆனால் பலகைப் பயிற்சி மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் சுளுக்குக்குப் பிறகு ஒரு வருஷம் தாண்டியும் கால் ஏமாற்றுகிறது, திரும்பத் திரும்ப மடங்குகிறது, அதன்மேல் நம்பிக்கை இல்லை என்றால் அதை நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை என்கிறோம். உங்களுக்கு இரண்டரை வருஷம். முதல் தடவை சுளுக்கியவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் சுமார் 40 சதவீதம் பேர் இந்த நிலைக்கு வந்திருந்தார்கள், அதனால் உங்களுக்கு மட்டும் ஏதோ மோசமான கால் அமைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கம்பர்லாண்ட் கணுக்கால் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, 9 கேள்வி, 30 மதிப்பெண். படி இறங்கும்போது எப்படி, சட்டென்று திரும்பும்போது எப்படி என்று கேட்கும். 24 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிலையின்மை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். போகிற பிசியோவிடம் கேட்டு நிரப்பிப் பாருங்கள், பஸ் ஸ்டாண்டு கதையைப் பார்த்தால் நீங்கள் 24ஐத் தாண்டுவது சந்தேகம்தான்.

பாட்டி மேல் கோபம் வேண்டாம். அடிபட்ட முதல் சில நாளில் சூடும் உருவலும் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும், அடுத்த தடவை (வரக் கூடாது, வந்தால்) கட்டுப் போட்டு, காலைத் தூக்கி வைத்து, ஐஸ் வைத்தால் போதும். ஆனால் உங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது எண்ணெய் இல்லை, வீக்கம் வடிந்ததைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டதுதான். படித்த டாக்டர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள்.

எகிறுவது அப்படியே, இறங்குவதுதான் மாறிவிட்டது

உயரம் குறையவில்லை என்பதை நீங்கள் நல்ல சேதியாக எழுதியிருக்கிறீர்கள். நேராக மேலே எகிறும் உயரத்தில் இந்தக் கோளாறு பல பேருக்குப் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை, ஆய்வுகளிலும் அந்த விஷயத்தில் ஒரே மாதிரி முடிவு வந்ததில்லை. வித்தியாசம் தெரிகிற இடங்கள் வேறு: இறங்குவது, பக்கவாட்டில் தாவுவது, ஓடி வந்து நிறுத்தித் திரும்புவது. கூடைப்பந்தில் ஆட்டமே அதுதானே. 2001இல் ஆஸ்திரேலியாவில் 10,000க்கும் மேற்பட்ட ஆட்டப் பங்கேற்புகளைக் கவனித்து எழுதிய ஆய்வில், கணுக்கால் காயங்களில் 45 சதவீதம் இறங்கும்போதுதான் ஏற்பட்டிருந்தன. ஏற்கெனவே கணுக்காலில் அடிபட்டவர்களுக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

நிலையில்லாத கணுக்காலோடு இறங்குகிறவர்கள் காலை விறைத்துக்கொண்டு இறங்குவார்கள். முழங்கால் சரியாக மடங்காது, கணுக்காலும் மடங்காது, உடம்பு நிலைகொள்ளக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தக் கூடுதல் நேரம் ஒரு நொடியில் சின்னப் பங்குதான். ஆனால் ரீபவுண்டுக்கு இறங்கின கையோடு, முன்னால் ஓடுகிற தோழிக்குப் பந்தைத் தள்ளிவிடும் அவுட்லெட் பாஸ் கொடுக்க வேண்டிய கார்டுக்கு அந்தச் சின்னப் பங்குக்குள் பாஸுக்கான வழி மூடிக்கொண்டுவிடும்.

டிஃபென்ஸை எடுத்துக்கொள்வோம். பந்து வைத்திருப்பவள் உங்கள் வலப்பக்கமாக ஓடுகிறாள், நீங்களும் கூடவே போகிறீர்கள், திடீரென்று பந்தை மறுகைக்கு மாற்றி, அதாவது கிராஸ்ஓவர் போட்டு, இடப்பக்கம் திரும்புகிறாள். உங்கள் உடம்பு முழுக்க வலது பாதத்தின்மேல் வந்து நிற்க வேண்டும், அங்கிருந்து தரையைத் தள்ளித் திரும்ப வேண்டும். அந்தப் பாதத்தை நம்பாத மூளை என்ன செய்யும்? ஒரு எட்டுக்குப் பதில் இரண்டு சின்ன எட்டு வைக்கும். கோச்சுக்குத் தெரிகிற “ஒரு அடி லேட்” அநேகமாக அந்த இரண்டாவது எட்டுதான். அடுத்த பயிற்சியை யாரையாவது செல்போனில் எடுக்கச் சொல்லி, உங்கள் இடப்பக்கத் திருப்பத்தையும் வலப்பக்கத் திருப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, தாழ்ந்து நிற்பது. பழைய சுளுக்குக் கால்களில் முழங்கால் விரலைத் தாண்டி முன்னால் போகிற அளவுக்குக் கணுக்கால் மடங்குவது குறைந்துபோகும். அப்படி ஆனால் டிஃபென்ஸ் நிலையில் குதிகால் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், அல்லது முதுகு குனியும். “இன்னும் கீழே உட்காரு, கீழே உட்காரு” என்று கோச் கத்துவார். உட்காரக் கால் விடாது.

கடைசியாகக் கவனம். பாயிண்ட் கார்டு தலை நிமிர்ந்து நாலு பேரைப் பார்த்துக்கொண்டு ஆட வேண்டியவள். மனசில் ஒரு பங்கு “கால் எங்கே விழுகிறது” என்று கீழேயே இருந்தால் மேலே பார்க்க மிச்சம் இருப்பது குறைவு. பயம் என்று இதைச் சொன்னால் ஆட்டக்காரர்களுக்குக் கோபம் வரும், பயந்தாங்கொள்ளி என்று சொல்கிற மாதிரி இருக்கும். ஆறு தடவை ஏமாற்றின காலிடம் ஜாக்கிரதையாக இருப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் அது ஆட்டத்தை விலையாகக் கேட்கிறது.

ஷூவும் பிரேஸும்

9,000 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள். உயரமான ஷூ கணுக்காலைக் காப்பாற்றும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1993இல் 600க்கும் மேற்பட்ட கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு உயரமான ஷூவும் சிலருக்குத் தாழ்வான ஷூவும் கொடுத்துப் பார்த்தார்கள், சுளுக்கு எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. அடிப்பாகம் தேயாத, குதிகாலைக் கெட்டியாகப் பிடிக்கிற, உங்கள் அளவுக்குச் சரியான ஷூ போதும். வெளி சிமென்ட் கோர்ட்டில் ஆடுகிறீர்கள் என்றால் ஷூவின் அடி சீக்கிரம் தேயும், பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தேயும். அதை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

பிரேஸ் விஷயத்தில் உங்கள் சீனியர்கள் சொல்வது தப்பு. கயிறு போட்டு இறுக்குகிற வகை பிரேஸை 1,460 பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் சோதித்து 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வந்த காயத்தின் கடுமை குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் மட்டும் போட்டுக்கொண்டால் தசை சோம்பேறியாகிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வீட்டில், வகுப்பில், பஸ்ஸில் எல்லாம் கட்டிக்கொண்டு திரிய வேண்டாம், பயிற்சியைச் செய்யாமல் பிரேஸை மட்டும் நம்பவும் வேண்டாம். கயிறு வகை பிரேஸ் அந்த ஷூ விலையில் ஒரு சின்னப் பங்குக்கே கிடைக்கும். மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற நீளத் துணிக் கட்டும் சாக்ஸ் மாதிரி ஏற்றிக்கொள்ளும் எலாஸ்டிக் உறையும் இதற்குப் பதில் ஆகாது, கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். டேப் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆடத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் தளரத் தொடங்கிவிடும், நம்ம ஊர் வேர்வைக்குக் கேட்கவே வேண்டாம்.

மாத்திரை வேண்டாம்

இதில் கண்டிப்பாகவே பேசுகிறேன். “வலி பெரிதாக இல்லை” என்று எழுதின நீங்களே மேட்சுக்கு முன்னால் வலி மாத்திரை போடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வலி இல்லை என்றால் மாத்திரை எதற்கு? மாத்திரை போடுவதால்தான் வலி இல்லையா? ஏற்கெனவே பாதி சேதி மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிற கணுக்காலின் வாயையும் பொத்துகிற வேலை இது. வெறும் வயிற்றில், வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்போடு இதைத் தொடர்ந்து போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். தேர்வுக்கு முன்னால் யாராவது “ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கோ, சரியாயிடும்” என்று சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். அந்த ஊசி நாரையே பலவீனமாக்கக் கூடியது, தொளதொளத்த லிகமென்டுக்கு அது தருவது ஒன்றுமில்லை.

ஆபரேஷன், எம்.ஆர்.ஐ.

கிழிந்த லிகமென்டை இழுத்துத் தைத்துச் சரிசெய்கிற முறையை 1966இல் ஸ்வீடனின் ப்ரோஸ்ட்ரோம் எழுதினார், 1980இல் கூல்ட் அதைக் கொஞ்சம் பலப்படுத்தினார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதன் வடிவங்களைத்தான் அதிகம் செய்கிறார்கள், பலனும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒழுங்கான பயிற்சியை மூன்றிலிருந்து ஆறு மாதம் செய்தும் கால் ஏமாற்றுகிறது என்றால்தான் அந்தப் பேச்சை எடுப்பார்கள். நீங்கள் இன்னும் ஒரு நாள்கூட அந்தப் பயிற்சியைச் செய்யவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டாலும் ஆட்டத்துக்குத் திரும்ப நாலிலிருந்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதங்களில் செய்யப்போவதும் இதே பயிற்சிதான்.

அதற்காக டாக்டரிடம் போகாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு தடவை கட்டாயம் காட்ட வேண்டும். கடலூர் அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது. புதுச்சேரியில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிட வேண்டும், கல்லூரிக்கு ஒரு நாள் லீவு ஆகும். டாக்டர் கையாலேயே பாதத்தை முன்னால் இழுத்துப் பார்த்து எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார், இரண்டு காலையும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுக்குள்ளே ஆழமாக வலி, ஏதோ சிக்கிக்கொள்கிற மாதிரி பிடிப்பது, ஆடின மறுநாள் காலையில் வீங்கியிருப்பது, வெளிப்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால் ஏதோ துள்ளுவது, இதில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். குருத்தெலும்பில் சேதமோ தசைநார்க் கிழிசலோ இருக்கலாம், அப்போது எம்.ஆர்.ஐ. அவசியம். அது எதுவுமே இல்லை என்றால் எம்.ஆர்.ஐ.யில் “லிகமென்ட் கிழிசல்” என்று எழுதி வருவதைப் பார்த்துப் பதறுவதைத் தவிர அதனால் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் கிழிந்த தழும்போடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஆடுகிறவர்கள் நிறையப் பேர். ரிப்போர்ட்டும் படங்களும் உங்களுடையவை, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உடனே ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரிடம் கேட்பதில் எந்த அவமரியாதையும் இல்லை.

இந்தப் பத்து வாரம்

கால் மடங்கி நார் கிழிய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மடங்கத் தொடங்கின சேதி போய்ச் சேர்ந்து, வெளிப்பக்கத் தசை விசையோடு இழுப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆகவே “தசையை முறுக்கேற்றினால் மடங்கும்போது பிடித்துக்கொள்ளும்” என்று ஜிம்மில் சொல்வது பாதிதான் சரி. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே சரியான கோணத்தில் தயாராக இருக்க வேண்டும், தசையும் அதற்குள் விழித்திருக்க வேண்டும். அதைப் பழக்கத்தால்தான் கொண்டுவர முடியும். அலுப்பான பழக்கம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இரண்டு அளவு எடுங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள், தொட முடிகிற கடைசித் தூரத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து இரண்டு காலுக்கும் எழுதி வையுங்கள். 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உங்கள் முதல் வேலை அதுதான். கெண்டைக்கால் தசையை முழங்கால் நீட்டியும் மடித்தும் இழுத்துவிடுவது, பிசியோவிடம் போய் மூட்டைக் கையால் நகர்த்தித் தளர்த்திக்கொள்வது. அடுத்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலை முன்னால் எவ்வளவு தூரம் நீட்டித் தரையைத் தொட முடிகிறது என்று அளங்கள். பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பார்த்த 2006ஆம் வருஷ ஆய்வில் இந்த முன்னீட்டலில் இரண்டு காலுக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தவர்களுக்குக் கால் காயம் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது.

முதல் மூன்று வாரம் நிற்கப் பழகுங்கள். வாரம் ஐந்து நாள், பத்துப் பதினைந்து நிமிஷம். வலது காலில் நின்று சுவரில் பந்தைப் போட்டுப் பிடிப்பது, அப்புறம் மடித்த போர்வைமேல் நின்று, அப்புறம் கண்ணை மூடி (பந்து இல்லாமல்தான்). ரப்பர் பேண்ட் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுப்பது. ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது, இடது காலுக்கு எத்தனை வருகிறதோ அத்தனை வலது காலுக்கும் வர வேண்டும். அப்புறம் இடுப்பு. டியூபை முழங்காலுக்கு மேலே மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது. கணுக்காலுக்கு இடுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீஃபன் கரிக்கு 2011, 2012 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் வலது கணுக்காலில் ஆபரேஷன் நடந்தது, 2011-12 சீசனில் 26 ஆட்டம்தான் ஆடினார். அதற்குப் பிறகு திசை மாற்றும் பாரத்தை இடுப்பும் தொடையும் வாங்கிக்கொள்கிற மாதிரி அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பிரேஸும் போட்டுக்கொண்டுதான் ஆடினார். 2015லும் 2016லும் அங்குள்ள தொழில்முறை லீகான என்.பி.ஏ.யின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. அவருக்குச் சம்பளம் வாங்குகிற பயிற்சியாளர் படையே கூட இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம், உங்களுக்கு ஒரு சைக்கிள் டியூபும் நானும்.

நாலாவது வாரத்திலிருந்து இறங்கப் பழகுங்கள். 20 சென்டிமீட்டர் உயரப் படியிலிருந்து இரண்டு காலில் சத்தமில்லாமல் இறங்கி அப்படியே நிற்பது, பிறகு ஒற்றைக் காலில், பிறகு இறங்கும்போது தோழி பந்தைப் போட, கண் பந்தின்மேல் இருக்க. கடைசியில் தோளில் லேசாகத் தள்ளச் சொல்லி. தொப்பென்று சத்தம் கேட்டால் காலை விறைத்துக்கொண்டு இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். ஏழாவது வாரத்திலிருந்து திரும்புவது, முதலில் சாய்வாக, பிறகு நேர்க்கோணமாக, பிறகு எந்தப் பக்கம் என்று தோழி கடைசி நொடியில் கத்த. இடக்கை லே-அப் இங்கேதான் திரும்ப வருகிறது, முதலில் நடந்து, அப்புறம் மெதுவாக ஓடி, நாளைக்கு இருபது. இதற்கிடையில் சில்வர் பீச் மணலில் ஓடினால் கால் உறுதியாகும் என்று யாராவது இழுத்துப்போவார்கள், இப்போதைக்கு வேண்டாம், அலை ஓரச் சரிவில் ஒரு கால் எப்போதும் சாய்ந்தே இருக்கும்.

தேர்வுக்குப் போகலாமா என்பதை ஒன்பதாவது வாரம் முடிவு செய்யுங்கள். 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஒற்றைக் காலில் பக்கவாட்டில் பத்துத் தடவை போய்வரத் தாவுங்கள், நேரம் பாருங்கள். வலது காலும் இடது காலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்து, சுவர் அளவு சமமாகி, கடைசி மூன்று வாரத்தில் ஒருமுறைகூடக் கால் ஏமாற்றவில்லை என்றால் பிரேஸைக் கட்டிக்கொண்டு போங்கள். வலது காலில் தாவும்போது “ஐயோ” என்று மனசு சொன்னால் இந்த வருஷம் விடுங்கள். உங்களுக்கு 20 வயசுதான், அடுத்த வருஷமும் தேர்வு நடக்கும்.

கோச்சும் அம்மாவும்

கோச்சிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார் என்ற பயம் புரிகிறது, ஆனால் இப்போதும் பெஞ்சில்தானே இருக்கிறீர்கள்? அதுவும் “ஒரு அடி லேட்” என்ற பெயரோடு. கால் பிரச்சினை என்று தெரிந்தால் பயிற்சியில் இறங்குவதையும் திரும்புவதையும் உங்களுக்குப் படிப்படியாகக் கூட்டிக்கொடுக்க முடியும், டாக்டர் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுலபம். ஆட்டத்துக்கு முன்னால் அணி முழுவதற்கும் பத்து நிமிஷ ஒற்றைக்கால் பயிற்சியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். 765 பள்ளி ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில் அந்த மாதிரி பயிற்சி சுளுக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்திருக்கிறது. அவருக்கும் லாபம்தான். தெரிந்த பிறகும் கட்டாயப்படுத்தி இறக்கினால் “இல்லை சார்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். கணுக்கால் தேய்மானம் முழங்கால் மாதிரி வயசானால் தானாக வருவது குறைவு, பெரும்பாலும் பழைய அடிகளின் தொடர்ச்சியாக வரும். திரும்பத் திரும்ப மடங்க விட்டால் நாற்பது வயசில் அது வந்து நிற்கலாம். ஆனால் ஆட்டத்தை நிறுத்தினால் கால் சரியாகிவிடும் என்பது சரியில்லை. கடைசியாக மடங்கியது கோர்ட்டில் இல்லையே, பஸ் ஸ்டாண்டில். ஆடினாலும் ஆடாவிட்டாலும் இந்தப் பயிற்சி வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், முடிந்தால் டாக்டரிடம் போகும்போது கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், நம்மைவிட வெள்ளைக் கோட்டு சொன்னால் கேட்பார். கல்யாணப் பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, எனக்கு அதில் அனுபவம் போதாது, என் பெண்ணே இன்னும் பிடிகொடுக்கவில்லை.

மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள். சுவர் அளவை நாளைக்கே எடுங்கள், ஆறாவது வாரம் மறுபடி எடுத்து இரண்டையும் எனக்கு எழுதுங்கள். ஒன்பதாவது வாரம் எழுதும்போது, இடக்கையில் இருபதுக்கு எத்தனை போட்டீர்கள் என்பதையும்.